500 இன்ட்டி நோட்டுல இருக்குற தொப்பிக்காரர் யாரு?

பன்சொடான் பழசு:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரங்கோன். பன்சொடான் தெரு பிளாட்பாரத்துல பழைய புத்தகம், தபால்தலை, செல்லாத நோட்டு பரப்பிக்கிட்டு உக்காந்திருக்கேன், இருபத்தாறு வருசமா.

போன வாரம் ஒரு பர்மாக்கார அம்மா பிஸ்கட் டப்பா ஒண்ணைக் கொண்டாந்து, மொத்தமா எடுத்துக்கன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பார்த்தவராம், காலமாயிட்டார். போன துறைமுகத்துக்கெல்லாம் ஒரு நோட்டுன்னு நாலா மடிச்சு வச்சிருக்கார் மனுசன். மடிச்ச இடமெல்லாம் வெடிப்பு. வெடிச்ச நோட்டுக்கு இங்க பாதி விலைகூடத் தேறாது, அதை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம கேட்டதைக் குடுத்துட்டேன்.

அதுல பெரு நாட்டு நோட்டு ஒண்ணு, 500 இன்ட்டி. (இந்தி இல்லீங்க, இன்ட்டி. பக்கத்து டீக்கடைப் பையன் அரை நாள் சிரிச்சான்.) அகலத் தொப்பி, தோள் வரைக்கும் முடி, நேர்வகிடு, மூஞ்சியில சிரிப்பே இல்ல. பையன் போன்ல படம் புடிச்சுத் தேடிட்டு, பேரு துபாக் அமாருன்னான். வெள்ளைக்காரனை எதுத்துக் கலகம் பண்ணி, நடுச்சந்தியில வச்சுக் கொன்னுட்டாங்களாம். அவ்வளவுதான் அவனுக்குப் படிக்கப் பொறுமை.

எனக்கு அதைக் கேட்டதும் கை தானா கண்ணாடிப் பெட்டிக்குப் போச்சு. நம்ம 90 கியாட் நோட்டு இருக்குல்ல, அதுலயும் கலகம் பண்ணித் தூக்குல தொங்கினவர்தானே, சயா சான்? பின்பக்கம் மாடு பூட்டி உழுறானே, அந்த நோட்டு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். கலகக்காரனைக் கொண்டாந்து நோட்டுல போடுறது யாரு வேலை? நம்மூர்ல அப்ப பட்டாளத்துக்காரங்க ஆட்சி. அங்கயும் அப்படித்தானா? அவரு என்னதான் பண்ணினாரு?

தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமாவே சொல்லுங்க. வாங்க வர்றவங்க கதை கேக்குறாங்க, வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு.


மோல்மீன் வாத்தியார்:

தம்பி, கேட்டது நல்ல கேள்வி. பாதி உங்க ஊகம் சரி, பாதி தப்பு. தப்பை அப்புறம் சொல்றேன், முதல்ல ஆளைப் பாருங்க.

முழுப் பேர் ஹோசே காப்ரியேல் கொந்தோர்கான்கி. குஸ்கோ நகரத்துக்குத் தெற்கே திந்தா பக்கத்து மலை ஊர்களுக்கு ‘குராக்கா’, அதாவது நம்மூர் தூஜி மாதிரி பரம்பரைத் தலைவர். ஆனா பிழைப்பு கோவேறு கழுதை. சுமார் 350 கழுதை வச்சு, குஸ்கோவுக்கும் பொத்தோசிக்கும் நடுவுல சரக்கு ஏத்தினவர். அதனாலதான் கலகம்னு வந்தப்ப வழி, சத்திரம், சந்தை, ஆள் எல்லாம் கைக்குள்ள இருந்தது. படிச்சவரும்கூட. குராக்கா பிள்ளைகளுக்குன்னே குஸ்கோவுல பாதிரிமார் நடத்தின பள்ளிக்கூடம், அங்கே படிச்சார்.

பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ‘மித்தா’ன்னு ஒரு முறை. 1570-கள்ல தொலேதோங்கற வைஸ்ராய் ஏற்படுத்தினது. சுத்துப்பட்டு மாகாணங்கள்ல வயசு வந்த ஆண்கள்ல ஏழுல ஒருத்தர் முறை வச்சுப் போகணும். இவர் ஊர்க்காரங்க நூத்துக்கணக்கான மைல் நடந்து போனாங்க, பெண்டாட்டி பிள்ளையோட. தன் மக்களை அதிலிருந்து விடுவிக்கணும், தன்னை இன்கா (ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னால அங்கே ஆண்ட ராஜாக்கள்) வம்சம்னு ஏத்துக்கணும்னு 1777-ல லிமாவுக்குப் போய் வழக்காடினார். ஒண்ணும் நடக்கலை. மனு எழுதி, மனு எழுதி, கடைசியில கத்தி எடுத்தவர் இவர்.

1572-ல குஸ்கோ சதுக்கத்துல தலை வெட்டப்பட்ட கடைசி இன்கா பேரும் துபாக் அமாரு. அந்தப் பேரைத்தான் இவர் எடுத்துக்கிட்டார்.

1780 நவம்பர் 4. ஸ்பெயின் ராஜா மூணாம் கார்லோஸ் பேருக்குரிய திருநாள். பாதிரியார் வீட்டு விருந்துல அந்த மாகாண அதிகாரி அரியாகாவும் இவரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டாங்க. சாப்பிட்டுத் திரும்புற வழியில அரியாகாவைப் பிடிச்சுட்டார். அவர் கையாலேயே கடிதம் எழுதவச்சு, கஜானாப் பணத்தையும் துப்பாக்கியையும் தன் ஊரான துங்காசுக்காவுக்கு வரவச்சார். 10-ஆம் தேதி ஊரைக் கூட்டித் தூக்கு. முதல் தடவை கயிறு அறுந்துபோச்சு, வேற கயிறு கொண்டாந்தாங்க. தூக்கில் போட்டவன் அந்தோனியோ ஒப்லிதாஸ், அரியாகாவிடமே அடிமையா இருந்தவன். ஆறு நாள் கழிச்சு, தன் பக்கம் வர்ற அடிமைகளுக்கு விடுதலைன்னு அறிவிச்சார்.

இதுல கவனிங்க, அரியாகாவைத் தூக்கில் போட்டது ராஜா உத்தரவுன்னுதான் ஊருக்குச் சொன்னார்! ராஜா நல்லவர், இங்கே இருக்கிற அதிகாரிதான் கெட்டவன்னு ஒரு கணக்கு. நம்ம சயா சான் அப்படி இல்லை. 1930-ல தராவடியில தானே ராஜான்னு குடை பிடிச்சு உட்கார்ந்தார். தீபோ மன்னரை வெள்ளைக்காரன் 1885-லேயே நாடு கடத்திட்டான், நல்ல ராஜான்னு சொல்லிக்கக்கூட நமக்கு ஆள் இல்லை.

நவம்பர் 18, சங்கராராங்கற ஊர்ல சண்டை. எதிரிப் படை மாதா கோயிலுக்குள்ள ஒதுங்கினப்ப கோயில் பத்திக்கிச்சு, நூத்துக்கணக்குல செத்தாங்க. கோயிலை எரிச்சவன்னு குஸ்கோ பிஷப் சபையிலிருந்து விலக்கிவச்சார். அந்த ஒரு ஓலைக்கு இருந்த பலம் பீரங்கிக்கு இல்லை. ஜனங்க கெச்சுவா பேசினாலும் கும்பிட்டது மாதாவை. கெலிச்ச கையோட குஸ்கோவுக்குப் போகாம இவர் தெற்கே சுத்திக்கிட்டிருந்தார். டிசம்பர் கடைசியில நகரத்தைச் சூழ்ந்தப்ப உள்ளே படை வந்துட்டது. 1781 ஏப்ரல்ல பிடிபட்டார்.

மே 18-ஐப் பத்தி நான் நீட்டிச் சொல்லப் போறதில்லை. மனைவியையும் மூத்த மகனையும் அவர் கண் முன்னால கொன்னாங்க. அப்புறம் கை காலை நாலு குதிரையில கட்டி இழுத்தாங்க. குதிரைகளால முடியலை. தலையை வெட்டினாங்க. துண்டு துண்டா ஊருக்கு ஒண்ணு அனுப்பினாங்க, தலை திந்தாவுக்கு. கடைசி மகன் பெர்னாந்தோவுக்குச் சுமார் பத்து வயசு, நிக்கவச்சுப் பார்க்கச் சொன்னாங்க. பிறகு அவனை ஸ்பெயினுக்குக் கப்பல் ஏத்தினப்ப, 1786-ல போர்த்துக்கல் கரையில அந்தக் கப்பல் பாறையில மோதி உடைஞ்சது. பையன் அதுலயும் பிழைச்சான். 1798-ல மாட்ரிட்ல செத்தான், ஊர் திரும்பவே இல்லை.

தீர்ப்பு எழுதின அதிகாரி அரேச்சே, ஆளைக் கொன்னது போதாதுன்னு, இன்கா உடையை, படத்தை, நாடகத்தை, சங்கு ஊதுறதைக்கூடத் தடை பண்ணினார். கெச்சுவா பேச்சையே ஒழிக்கணும்னும் எழுதினார். இன்னைக்கும் அந்த மொழியை லட்சக்கணக்கானவங்க பேசுறாங்க.

மீதி அப்புறம். மின்சாரம் போகப் போகுது.


தட்டோன் பையன்:

அண்ணே, துபாக் ஷகுர்! ராப் பாடகர்! அவர் பேரே இவர்தான். 1971-ல பிறந்தப்ப வேற பேரு, அப்புறம் அவங்க அம்மா அபெனி மாத்தி வச்சாங்க. அவங்க பிளாக் பேந்தர் இயக்கத்துல இருந்தவங்க. நான் அவர் படம் போட்ட பனியன் ரெண்டு வச்சிருக்கேன், இது தெரியாமலேயே எட்டாவதுலேர்ந்து போட்டுக்கிட்டிருக்கேன். எங்க அப்பா இதைப் படிச்சா “அப்ப அந்தக் கழுதைக்காரர் படத்தைப் போடுடா”ம்பார். நோட்டு என்ன விலைண்ணே?


பெகு பேத்தி:

வாத்தியார் ஐயா சொன்னதுல ஒரு ஆளை ‘மனைவி’ன்னு ஒரே வார்த்தையில தாண்டிட்டீங்க. மிக்காயெலா பாஸ்திதாஸ். சண்டைக்கு அரிசி பருப்பு அனுப்பினது யாரு? (அரிசி இல்ல, உருளைக்கிழங்கும் கோகா இலையும்.) ஆளும் துப்பாக்கியும் எங்கே போகணும், எவன் பாலத்தைக் காவல் காக்கணும், எவன் கொடுக்கவேண்டிய பணத்தைக் கொடுக்கலைன்னு துங்காசுக்காவுல உட்கார்ந்து சீட்டு எழுதி அனுப்பினது அவங்கதான். குஸ்கோவுக்குப் போ, போன்னு புருசனைக் கடிதத்துலயே திட்டினாங்க. டிசம்பர்ல எழுதின கடிதம் இன்னைக்கும் இருக்கு. “எத்தனை தடவை சொன்னேன்”ங்கற அந்தத் தொனி எங்க அம்மாச்சி குரல்லயே கேக்குது எனக்கு. அவங்க பேச்சைக் கேட்டிருந்தா கதை வேற.

இன்னொண்ணு. தொப்பிக்காரர் நோட்டையும் சயா சான் நோட்டையும் பக்கத்துல வைக்கிறது எனக்கு அவ்வளவு லேசாத் தெரியலை. நாம யாரு அதுல?

எங்க தாத்தா பெகுவுல ஒரு செட்டியார் கடையில கணக்கு எழுதினவர். பெட்டியடிக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு, பேரேடு மடியில. நெல்லு விலை 1930-ல சரிஞ்சப்ப, கட்ட முடியாம வந்து நின்ன பர்மாக்காரங்களை அவர் பார்த்திருக்கார். “நிலம் வேணும்னு யாரும் கடன் குடுக்கலைம்மா, வட்டி வரலை, நிலம் வந்துச்சு”ன்னு சொல்லுவார். பொய் இல்லை. முதலாளியே வெள்ளைக்கார பேங்க்ல வாங்கித்தான் கடன் விட்டார். ஆனா கீழ் பர்மாவோட 13 நெல் மாவட்டத்துல 1930-ல செட்டியார்மார் கையில இருந்தது 6 சதவீதம், 1938-ல 25. நாலுல ஒரு ஏக்கர். இதை நான் எந்தப் பேரேட்டுல மறைக்க?

அங்கே ‘ரெபார்த்தோ’ன்னு ஒண்ணு இருந்தது. மாகாண அதிகாரி கழுதை, துணி, இரும்புன்னு கொண்டுவந்து ஊர்ல இறக்கிட்டு, ஆளுக்கு இவ்வளவுன்னு தலையில கட்டுவான். வேண்டாம்னு சொல்ல முடியாது, விலை சந்தையில உள்ளதைப் போல ரெண்டு மூணு மடங்கு. தாடியே முளைக்காதவனுக்குச் சவரக்கத்தி வித்த கதைகூட உண்டு. பதவியை ஸ்பெயின்ல காசு குடுத்து வாங்கினவன், அஞ்சு வருசத்துக்குள்ள எடுத்தாகணும்ல. அரியாகா தூக்குல தொங்கினதுக்கு மூலம் இதுதான். நம்ம செட்டியார் கடன் அது மாதிரி இல்லை. யாரும் இழுத்துவந்து கையெழுத்து வாங்கலை. ஆனா தலைவரி கட்டப் பணம் வேணும், வரி வாங்குறது வெள்ளைக்காரன், பணம் குடுக்குறது நாம. சயா சான் ஆளுங்க கண்ணுக்கு ரெண்டும் ஒரே வாசல்தான். அவங்களை அடக்க வந்த பட்டாளமும் இந்தியாவுலேர்ந்துதான் வந்துச்சு.

அங்கேயும் இப்படி ஒருத்தர் உண்டு. புமகாவா, சின்செரோ ஊர் குராக்கா. அவரும் இன்கா வம்சம்தான், ஸ்பெயின் பக்கம் நின்னு துபாக் அமாருவை எதிர்த்துச் சண்டை போட்டார். குஸ்கோ நகரத்து இன்காப் பிரபுக்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அந்தப் புமகாவாவே 1814-ல, எழுபதைத் தாண்டின வயசுல, ஸ்பெயினை எதிர்த்துக் கிளம்பினார். அடுத்த வருசம் அவரையும் கொன்னாங்க. 34 வருசம் அவர் என்ன நினைச்சுக்கிட்டிருந்திருப்பார்ங்கறதுதான் எனக்கு யோசனை.

தெற்கே, இப்ப பொலிவியாவுல இருக்குற லா பாஸ் பக்கம், துபாக் கதாரியும் அவர் மனைவி பர்தொலினா சிசாவும் நடத்தின கலகம் தனிக் கதை. அந்த அம்மாவைக் கொன்ன தேதி 1782 செப்டம்பர் 5. பூர்வகுடிப் பெண்கள் நாள்னு உலகம் பூரா அன்னைக்குத்தான் கொண்டாடுறாங்க.


பன்சொடான் பழசு:

அக்கா, செப்டம்பர் 5-ன்னு படிச்சதும் ஒரு நிமிசம் அப்படியே உக்காந்துட்டேன். அந்தத் தேதி எங்க வீட்டுல வேற காரணத்துக்கு மறக்காது. 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் நோட்டு மூணும் செல்லாதுன்னு அறிவிச்ச நாள். பதிலுக்குப் பைசா கிடையாது. எங்கம்மா தைக்கிற மெசின் வாங்க 75 நோட்டா சேர்த்துவச்சிருந்துச்சு, முறத்துக்கு அடியில துணிப்பையில. அழுகைகூட வரலை அதுக்கு. “ஒண்ணு ரெண்டைப் பிள்ளைக விளையாடட்டும்”னு குடுத்துச்சு. நான் நோட்டு வியாபாரத்துக்கு வந்ததே அந்த நோட்டுலேர்ந்துதான், முதல்ல வித்தது எங்கம்மா பணத்தை.

அது முடிஞ்சு ரெண்டு வாரத்துல புதுசா வந்த நோட்டுதான் 45-உம் 90-உம். ரெண்டும் ஒம்போதால வகுபடும். அந்த 90-லதான் சயா சான்! குடியானவன் பணத்தையெல்லாம் துடைச்சுப்போட்ட கையோட குடியானவங்க ராஜா படத்தைப் போட்டு நீட்டினாங்க. இத்தனை வருசமா வித்திருக்கேன், இது இப்பத்தான் மண்டையில ஏறுது.

நாம யாருன்னு கேட்டீங்களே. எங்க தாத்தா உங்க தாத்தா மாதிரி பெட்டியடிப் பக்கம் இல்லை. மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டு, ராமநாதபுரத்துலேர்ந்து கப்பல் டெக்குல வந்து, பியாப்பொன்ல கதிர் அறுத்தவர். மித்தா கதையைப் படிச்சப்ப அவர் ஞாபகம்தான் வந்துச்சு. ஆனா அவரையும் 1930-ல ‘கலா’ன்னு (இந்தியாக்காரங்களைப் பழிக்கிற சொல்) சொல்லித்தான் துரத்துனாங்க, பெட்டியடிக்காரரையும் அதே சொல்லாலதான். துரத்துறவனுக்கு ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியலை.

வாத்தியார் ஐயா, என் ஊகத்துல பாதி தப்புன்னீங்க. அது என்ன?


மோல்மீன் வாத்தியார்:

பேத்தி சொன்னது நியாயம், மிக்காயெலா விஷயத்துல நான் வாத்தியார் புத்தியைக் காட்டிட்டேன்.

தம்பி, உங்க 500 இன்ட்டி நோட்டு 1980-கள்ல வந்தது, அப்ப அங்கே தேர்தல்ல கெலிச்ச ஆட்சி. ஆனா துபாக் அமாருவை முதல்ல தூக்கி நிறுத்தினது பட்டாளத்துக்காரர்தான், அதுல உங்க மூக்கு சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஜெனரல் வெலாஸ்கோ, 1968 அக்டோபர்ல ஆட்சியைப் பிடிச்சார். அடுத்த வருசம் ஜூன் 24 நிலச் சீர்திருத்தம். அன்னைக்கு வானொலியில, முதலாளி இனி உன் ஏழ்மையைத் தின்னமாட்டான்னு துபாக் அமாரு சொன்னதாவே பேச்சை முடிச்சார். தொப்பியும் நீளமுடியுமா சுவரொட்டி சுவரொட்டியா ஒட்டினாங்க, 50 சோல் நோட்டுலயும் போட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், பெரிய பண்ணைகளை நிஜமாவே பிரிச்சார். 1975-ல கெச்சுவாவை ஆட்சிமொழியாவும் ஆக்கினார். அரேச்சே ஒழிக்கச் சொல்லி 194 வருசம் ஆகியிருந்தது. இங்கே நோட்டு மட்டும்தான் வந்துச்சு.

அதுக்கு அப்புறம் அந்தப் பேரை ஆளுக்கு ஆள் எடுத்தாங்க. உருகுவேயில துபமாரோஸ் கொரில்லாக்கள், அதுல இருந்த ஹோசே முஹிகா பல வருசம் சிறையில கிடந்து 2010-ல ஜனாதிபதியே ஆனார். பெருவுல ஒரு கூட்டம் 1996 டிசம்பர்ல ஜப்பான் தூதர் வீட்டைப் பிடிச்சு, 126 நாள் ஆட்களைப் பிணையா வச்சிருந்தது. உள்ளே புகுந்த பட்டாளம், வீட்டைப் பிடிச்சிருந்த 14 பேரையும் கொன்னது.

எனக்குப் பெரிய எதிரொலியாத் தெரியறது பொலிவியாதான். லா பாஸ் ஒரு கிண்ணம் மாதிரி, ஊர் அடியில, விளிம்புல எல் ஆல்தோ, 4,000 மீட்டருக்கு மேலே. 1781-ல துபாக் கதாரி அந்த விளிம்புல பாளையம் போட்டுட்டு, கீழே போற வழியையெல்லாம் அடைச்சார். நடுவுல ஒரு இடைவெளி விட்டு மொத்தம் சுமார் ஆறு மாசம். உள்ளே இருந்தவங்க தோலை வேகவச்சுத் தின்னாங்க. 2003 அக்டோபர்ல எரிவாயுவை வெளிநாட்டுக்கு விக்கிறதை எதிர்த்து அதே எல் ஆல்தோவுல அய்மாரா இனத்துக்காரங்க அதே வழிகளை அடைச்சாங்க. ஜனாதிபதி விமானம் ஏறிட்டார். 2006 ஜனவரியில ஏவோ மொராலெஸ் பதவி ஏத்துக்கிட்டார். 2013-ல சீனாவிலிருந்து அவங்க விட்ட செயற்கைக்கோளுக்குப் பேர் துபாக் கதாரி. அவங்களோட இப்போதைய 200 பொலிவியானோ நோட்டுல கதாரியும் பர்தொலினா சிசாவும் இருக்காங்க. கிடைச்சா வாங்கி வைங்க, புருசனும் பொண்டாட்டியும் ஒரே நோட்டுல.

இன்னொரு வேடிக்கை. கெச்சுவாவுல ‘அமாரு’ன்னா பாம்பு. அய்மாராவுல ‘கதாரி’ன்னாலும் பாம்புதான். நம்ம சயா சான் ஆளுங்க உடம்புல பச்சை குத்திக்கிட்டது?


பன்சொடான் பழசு:

கலோன்! கருடன்! பாம்பைக் கொத்துற கருடன். குண்டு துளைக்காதுன்னு பச்சை குத்திக்கிட்டாங்க.

ஐயா, கண்ணாடிக்கு அடியில ரெண்டையும் பக்கத்துல வச்சிருந்தேன், இப்ப நடுவுல ஒரு தபால்தலையை வச்சுட்டேன்.

இன்ட்டியோட கதையையும் பையன் தேடிச் சொன்னான். விலைவாசி ஏறி ஏறி, 1991-ல பத்து லட்சம் இன்ட்டிக்கு ஒரு புது சோல்னு மாத்திட்டாங்களாம். அப்ப இந்த 500-க்கு ஒரு புளிப்பு மிட்டாய்கூட வராது. கப்பல்காரர் அதைத் தெரிஞ்சுதான் மடிச்சு வச்சாரோ என்னமோ.

தட்டோன் தம்பி, விலை கேட்டீங்கல்ல. மடிப்புல வெடிச்சிருக்கு, தொப்பி விளிம்புல ஒரு ஓட்டை. உங்களுக்குன்னா டீக்காசு போதும். ஆனா ஒரு வாரம் கழிச்சு வாங்க, அந்தக் கப்பல்காரர் வீட்டம்மா நாளைக்கு இன்னொரு டப்பா கொண்டாறேன்னிருக்காங்க, இந்தக் கதையை அவங்களுக்கு முதல்ல சொல்லணும்.


பெகு பேத்தி:

90 கியாட் நல்ல நோட்டா ஒண்ணு எனக்கு எடுத்து வைங்க. மடிக்காம.